மூன்றாவது சிலை

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் "வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே ஊசி குத்துவது அவர் தொழில். கெட்ட செய்தியை முழுங்கிவிட்டுச் சிரிப்பது வீட்டுக்கும் வந்துவிட்டது. மாமனார் படுத்த படுக்கையாக இருந்தபோதும், வெளியூரில் ரயில் சிக்னல் வேலை பார்க்கும் தங்கையிடம் "அப்பா நல்லா இருக்கார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதிலிருந்து அண்ணன் போனை அவள் எடுப்பதே இல்லை.

ஆனால் வீடியோ கேமில் மட்டும் இருவரும் இன்னும் கூட்டாளிகள். இவர் மந்திரவாதி, என் நாத்தனார் வில்லாளி. சின்ன வயதுப் பழக்கம், சண்டை போட்டும் விட முடியவில்லை. "இடது பக்கம் பூதம்", "மருந்து குடி" என்பதோடு மைக்கில் பேச்சு முடிந்துவிடும். ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைக்குமா என்று இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியமெல்லாம் தவம் கிடப்பார். பார்க்க எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அன்று பாதாளக் கோட்டையில் ஒரு கல் கதவு வந்தது. அவள் நின்ற அறையில் மூன்று நெம்புகோல்கள்: சூரியன், நிலவு, மீன். ஒவ்வொன்றையும் மேலே தள்ளலாம் அல்லது கீழே இழுக்கலாம். எதை எப்படி வைப்பது என்ற குறிப்பு இவர் அறையில், சிலைகளின் மேல் பொறித்திருந்தது. சிலைகள் பொய் சொல்லாது. தப்பாக வைத்தால் இருவரும் கோட்டை வாசலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"சூரியனும் நிலவும் ஒரே பக்கம்னு ஒரு சிலை சொல்லுது," என்றார். "மீன் அதுக்கு எதிர்ப்பக்கம்னு இன்னொண்ணு."

அவள் யோசித்தாள். "அப்போ முதல் ரெண்டும் மேலே, மீன் கீழே. இல்லேன்னா அப்படியே தலைகீழ். ரெண்டு விடை வருதே."

"அவ்வளவுதான் இருக்கு. அடுத்த வாரம் பாத்துக்கலாமா?"

"ரெண்டு விடை வர்ற மாதிரி யாரும் பூட்டு செய்யமாட்டாங்க. சிக்னல்ல அப்படி இருந்தா வண்டி மோதிடும். இன்னொரு சிலை இருக்கு. இருக்கா, இல்லையா?"

இருந்தது. திரையின் மூலையில் மலை மாதிரி நின்றது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவர் முதுகில் இடித்தேன்.

"இருக்கு," என்றார் ஒருவழியாக. "சூரியன் மேலே ஏறினா கதவு திறக்கும், இந்தச் சிலை முன்னால நிக்கிறவன் செத்துப்போவான்னு எழுதியிருக்கு."

அந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். புது ஆளாகத் தொடங்கினாலும் அவள் போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தை எட்டிப் பிடிக்க முடியாது.

"ஏன் மறைச்சே?"

"கதவு திறந்தா நான் போயிடுவேன். அப்புறம் நீ எங்கிட்ட பேச வேற இடம் ஏது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தக் காரியத்தால் தங்கையை இழந்தாரோ, அதையே செய்து அவளைப் பிடித்துவைக்கப் பார்க்கிறாரே மனிதர்.

சூரியன் மேலே போனது. பிறகு நிலவு. மீன் கீழே இறங்கியது. கூரை இடிந்து மந்திரவாதியின் தலையில் விழுந்தது. மைக்கும் அதோடு அடங்கிவிட்டது. இவர் கறுத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா என்னைக் கேட்டாரா?" என்றாள் நாத்தனார்.

இவர் என்னைப் பார்த்தார். ஊசியைக் கையில் எடுக்கும்போது வரும் அதே முகம். நான் முறைத்தேன்.

"தினமும் கேட்டார்," என்றார். "கடைசி நாள்ல, வாசல்ல யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நீதானான்னு கேட்டார்."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"மிச்சத்தையும் சொல்லு," என்றாள்.