ஒரு வரிக்கு இரண்டு தடவை

கவிஞருக்கு எந்த வரியையும் இரண்டு தடவை சொல்லாமல் இருக்க முடியாது. கவியரங்கம் கவியரங்கமாக ஏறி இறங்கியதில் இருபத்தைந்து வருடமாக ஊறிப்போன பழக்கம். வெளிநாட்டுக் கவிதை விழாவிலும் நாக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது.

மேடையில் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரை. அவர் ஒரு வரி படித்து நிறுத்தினால், ஓரத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த பெண் தயாராக இருந்த அதன் மொழிபெயர்ப்பைத் திரையில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் நிறுத்தியபோதெல்லாம் அடுத்த வரியைப் போட்டாள். அவர் இருபதாவது வரியில் இருக்கும்போதே நாற்பது வரிக் கவிதையும் திரையில் முடிந்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அவர் அப்போது படித்திருந்தது, "குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை" என்ற வரி. எடுத்துவிடலாமா என்று அவரே யோசித்த வரி. இதன் அருமை இவர்களுக்கல்லவா தெரிகிறது என்று பூரித்துப்போய் மூன்றாம் தடவையும் சொன்னார். மீதி இருபது வரியை வெறும் திரைக்கு முன்னால் நின்று, வழக்கம்போல இரண்டிரண்டு தடவை படித்து முடித்தார். அதற்குள் பாதிப் பேர் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள்.

அறைக்குத் திரும்பியதும் மனைவி போன் செய்தாள்.

"கை தட்டினாங்களா?"

"எழுந்து நின்னே தட்டினாங்க."

"முடிச்சப்புறமா?"

"இல்ல, பாதியிலேயே."

பாதியில் கைதட்டி அவரை உட்கார வைப்பதை ஊரில் எத்தனையோ தடவை முன்வரிசையிலிருந்து பார்த்தவள் மனைவி.

"அங்கேயுமா?" என்றாள்.