மூன்றாவது சிலுவை

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போடும் வரைபடத்துக்கு அளவு தேவையில்லை. இரண்டு கிலோமீட்டர் நேர்ச் சாலையை விரல் நீளத்துக்குச் சுருக்கலாம். மண்டபத்துக்குத் திரும்பும் சின்னத் தெருவை அதே அளவுக்குப் பெரிதாக்கலாம். வழி தவறுவது திருப்பத்தில்தானே! மெட்ரோ ரயிலுக்குள் ஒட்டியிருக்கும் படமும் இப்படித்தான். அதில் எல்லா நிலையங்களுக்கும் நடுவே ஒரே இடைவெளி. உண்மையில் அப்படி இல்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது அடுத்தது எது என்பது மட்டும். போனில் இருக்கும் படம் வேறு சாதி. யார் எங்கிருந்து எங்கே போகக் கேட்பார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் எல்லாச் சந்துபொந்தையும் சுமந்துகொண்டு திரிகிறது.

அந்தப் போன் படங்களைத் திருத்தும் கம்பெனி ஒன்றில்தான் தாரணிக்கு வேலை. தம்பி பரத்துக்குப் பெங்களூர் ஜோகுபாளையத்தில் பெண் அமைந்ததும், நிச்சயதார்த்தப் பத்திரிகைக்கான வழியை அவளே பேனாவால் வரைந்து ஆரணிக்கு அனுப்பினாள். அங்கே அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு சித்தப்பா பச்சைமுத்துவுடையது. முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினார். பெயர்களில் பிழை இல்லை. அச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை. பெண் வீட்டார் மண்டபத்தில் நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளை பரத்தும் அக்காவும் உள்ளூரிலேயே இருப்பதால் முன்பே வந்துவிட்டார்கள். ஆனால் சீர்த்தட்டுகள், புடவை, மோதிரம், ஆரணி உறவு மொத்தமும் சித்தப்பாவின் வேனில். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

“இன்னாம்மா, உங்க ஜனம் நடந்து வராங்களா?” என்றார் உத்தமன். பெண் சுப்ரியாவின் தாய்மாமன். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பக்கத்திலிருந்த அவர் அக்கா, பெண்ணின் அம்மா, சிரிக்கவில்லை. “நேரம் தாண்டிட்டா நான் தட்டு வாங்க மாட்டேன். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்” என்றாள்.

பரத் வேட்டியை மூன்றாவது முறையாக இறுக்கினான். “அக்கா, போன் பண்ணு.”

சித்தப்பா எடுக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பியிருந்தார். தாரணி திறந்து பார்த்தாள். ஓசூர்.

“ஓசூரா!” என்று பரத் உட்கார்ந்துவிட்டான்.

“இருடா. இது டீ குடிச்ச இடம். நகர நகர மாறுற மாதிரி அனுப்பறது வேற, நின்ன இடத்தை ஒரு தடவை அனுப்பறது வேற. சித்தப்பா ரெண்டாவதை அனுப்பியிருக்கார். ஆணி அடிச்ச மாதிரி அங்கேயே நிக்கும். ஆள் எப்பவோ கிளம்பியிருப்பார்.”

உத்தமன் மேசையிலிருந்த பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். திடீரென்று விசிறுவதை நிறுத்தி, பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார். “ஏம்மா, நம்ம மண்டபத்துக்குப் பக்கத்துல சிலுவை எப்போ வச்சாங்க?”

தாரணி வாங்கிப் பார்த்தாள். அவள் சந்தின் மேல் ‘3rd X’ என்று எழுதியிருந்தாள். பெங்களூரில் குறுக்குத் தெருவுக்குப் பெயர் கிராஸ். எழுதும்போது எல்லோரும் ஒரு எக்ஸ் போட்டு முடித்துவிடுவார்கள். ஆரணி அச்சகத்துக்காரருக்கு அது புரியாமல், சித்தப்பா போனில் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. “பாப்பா, இந்த எக்ஸ்ஸுன்னா என்னா?” மீட்டிங்கில் இருந்தவள், “கிராஸ், சித்தப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அச்சகத்துக்காரர் அழகாக, ஓரமெல்லாம் பூ வேலை செய்து, ஒரு சிலுவை போட்டிருந்தார். மேலே ‘3வது’.

“ஐயோ, சர்ச்சு சர்ச்சா எண்ணிக்கிட்டு வராங்க!” என்றாள் தாரணி.

அப்போது போன் அடித்தது.

“பாப்பா, வந்துட்டோம்!” சித்தப்பாவின் குரலில் வெற்றி. “டிரைவர் போனைப் பாத்து ஓட்றேன்னான். எங்க பொண்ணே போட்ட மேப்பு இருக்கறப்ப உன் போன் எதுக்குடான்னு அடக்கிட்டேன். மூணாவது சர்ச்சு. நல்லா உபசரிச்சாங்க. பழத்தட்டைப் பொண்ணோட அம்மா கையில குடுத்துட்டோம். ஆனா ஒண்ணு, பொண்ணு வெள்ளை கவுன்ல இருக்கு. எங்களுக்கு யாரும் சொல்லலையே?”

“சித்தப்பா, அது வேற கல்யாணம்! வெளிய வாங்க.”

“வேறயா? சொர்ணம், கேக்கைக் கீழ வை!”

வெளியே எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மருந்துக்கடை, ஒரு பேக்கரி என்றார். பெங்களூரில் எந்தத் தெருவில்தான் அவை இல்லை? தாரணி கண்ணை மூடி யோசித்தாள். சாலை நெடுக, தலைக்கு மேலே...

“சித்தப்பா, மெட்ரோ போகுதா? அதைத் தாங்குற தூண்ல நம்பர் இருக்கும், பாருங்க.”

“இருக்கு. நூத்தி எண்பத்தெட்டு.”

தாரணி செருப்பைக்கூட மாட்டாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். சந்துக்கு எதிரே நின்ற தூணில் 161. தூண்கள் வரிசையாக எண் போட்டு நிற்கின்றன. ஒரே கோடுதான், ஆனால் அதுவும் ஒரு வரைபடம். இடம் வலம் தெரிய வேண்டாம், தெருப்பெயர் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

“தாண்டிப் போயிட்டீங்க. திரும்புங்க. நம்பர் ஏறினா தப்பு, இறங்கினா சரி. நூத்தி அறுபத்தொண்ணுல நான் நிக்கிறேன்.”

போனை அணைக்கவில்லை. முதலில் சித்தப்பா மட்டும் படித்தார். “நூத்தி எண்பத்தஞ்சு... எண்பத்தி நாலு...” பிறகு குழந்தைகள் சேர்ந்துகொண்டன. பிறகு வேன் முழுக்க ஏலம் போடுவதுபோல் கத்தியது. “எழுவது! அறுபத்தொம்பது!” சிக்னலில் நின்றபோது அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாரணியின் பின்னால் பரத், அவன் பின்னால் உத்தமன், பெண் வீட்டுப் பொடிசுகள் எல்லோரும் வந்து நின்று போனுக்குப் பதில் கத்தினார்கள். “அறுபத்தி மூணு! ரெண்டு!”

வேன் வந்து நின்றது.

நாலு பத்துக்குத் தட்டுகளைச் சபையில் வரிசையாக வைத்தார்கள். சுப்ரியாவின் அம்மா எண்ணினாள். முகம் மாறியது. “பத்து. ரெட்டைப்படையில வச்சா நான் எப்படி வாங்கறது?”

பதினோராவது பழத்தட்டு சர்ச்சில், யாரோ ஒரு மணப்பெண்ணின் அம்மாவிடம் இருந்தது. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் சித்தியைப் பார்த்தார்.

சொர்ணம் சித்தி முந்தானைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியை எடுத்தாள். “கீழ வைக்கத்தான் போனேன். அந்தம்மா விடல. நம்ம தட்டுக்குப் பதில் மரியாதையாம்” என்று சொல்லி, உள்ளே இருந்த பிளம் கேக்கை ஒரு தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை இரண்டு, மேலே கொஞ்சம் மஞ்சள் அட்சதை போட்டு வரிசையில் சேர்த்தாள்.

சுப்ரியாவின் அம்மா கேக்கைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “பதினொண்ணு” என்று கையை நீட்டினாள்.

தட்டு மாறியது. மோதிரம் போட்டபோது நாலு இருபத்திரண்டு.

சாப்பாட்டுப் பந்தியில் தாரணி மெல்ல உத்தமனிடம் போனாள். “மாமா, கல்யாணமும் இதே மண்டபம்தானே? அந்தப் பத்திரிகைக்கு மேப்பை மாத்திடறேன். தூண் நம்பரே போட்டுடலாம்.”

உத்தமன் கேக்கில் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

“தூணையும் போடும்மா” என்றார். “ஆனா சிலுவையை எடுக்காதே.”