ஐந்தாம் வார்த்தைக்கு வேறு ஆள்

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். ஆயர் பேசமாட்டார். சபையார்தான் பேச வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம், நடுவில் பாட்டு, ஜெபம்.

அதில் ஐந்தாம் வார்த்தை, அதாவது தாகம் என்று இயேசு சொன்னது, பதினோரு வருடமாக என்னுடையது. யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. ஆனால் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் "அஞ்சாவது ஹெர்பர்ட் அண்ணன்தானே" என்பார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்றே நோட்டுப் புத்தகம் எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வார்த்தை மேல் எனக்கு இருந்த ஆசையில் பக்தி பாதிதான். மீதிப் பாதி என்னவென்றால், எங்கள் ஜனங்கள் பன்னிரண்டு மணிக்கு வரமாட்டார்கள். முதல் வார்த்தைக்கு இருபது பேர் இருப்பார்கள், அதில் பாதி பாடகர் குழு. மூன்றாவதுக்குப் பாதி கோயில் நிறையும். ஐந்தாவது வரும்போது மணி ஒன்றே முக்கால், வராந்தாவில்கூட நாற்காலி போட்டிருப்பார்கள். ஏழாவதில் எல்லாருக்கும் பசி வந்து கவனம் போய்விடும். கோயில் நிறைந்திருக்க, எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கப் பேசக் கிடைப்பது ஐந்தாவது மட்டும்தான்.

இந்த வருடம் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். ஐந்தாம் வார்த்தை: திரு. பெர்னார்ட். முதல் வார்த்தை: திரு. ஹெர்பர்ட்.

ஆயரைக் கேட்டேன். ஆரம்பம் நன்றாக இருக்க வேண்டும், அதனால்தான் அனுபவமுள்ள உங்களைப் போட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து ஜூலியாவிடம் அதையே சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இந்த வருஷம் நாலு பெஞ்சுக்கும் ரெண்டு ஃபேனுக்கும் பிரசங்கமா?"

பெர்னார்ட் எங்கள் சபைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஸ்ரீராம்புரத்துப் பையன், வயது முப்பத்தெட்டு இருக்கும். தண்ணீர் போர்டில் வாட்டர்மேன். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடுகிற வேலை. இந்த வருடம் கோடையில் பெங்களூரில் போர்வெல் எல்லாம் வற்றிப்போய் மக்கள் குடத்தோடு அலைந்தார்களே, அப்போது அவனுக்கு எம்எல்ஏவுக்கு இருக்கிற மரியாதை இருந்தது. திட்டும் அதே அளவு.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு நான் ஒரு சிந்தனை போடுவேன். பஸ்ஸில் பார்த்தது, நான் வேலை செய்கிற பள்ளிக்கூட லேபில் நடந்தது, அதில் ஆண்டவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பத்துப் பேர் ஆமென் போடுவார்கள். ஒருநாள் பெர்னார்ட் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். துருப்பிடித்துத் திறக்க முடியாத ஒரு வால்வைப் பற்றி ஒன்றரை நிமிடம். நாற்பத்தாறு ஆமென். அன்று நான் போட்டதற்கு மூன்று. எண்ணினேனா என்றால், எண்ணினேன். அடுத்த நாளும் எண்ணினேன்.

அவன் ஏன் எப்போதும் வாய்ஸ் மட்டும் போடுகிறான் என்று யோசித்திருக்கிறேன். ஒரு வீட்டு ஜெபத்தில் விடை கிடைத்தது. வசனத்தை ஆளுக்கு ஒன்றாக வாசித்துக்கொண்டு வந்தோம். அவன் முறை வந்ததும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டான். அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் மடியில் இருந்த பாட்டுத் தாளை எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுக்கக் கன்னட எழுத்தில் எழுதி இருந்தது. படித்ததெல்லாம் கன்னட மீடியம். வாய் நிறையத் தமிழ், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பெங்களூரில் இது அதிசயம் இல்லை. அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பட்டியல் ஒட்டிய பிறகு நினைத்தேன்.

பெரிய வெள்ளி ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு யோசனை சொன்னேன். பேசுகிறவர் தன் வார்த்தைக்கான வேதபகுதியைப் பிரசங்க மேடையில் இருக்கிற பெரிய வேதாகமத்தில் இருந்து தானே வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும், போனைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் பயபக்தியாக இல்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆயர் நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். பெர்னார்ட் கடைசி வரிசையில் இருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று கவனமாக இருந்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை சாயங்காலம் அவன் என் வீட்டு வாசலில் நின்றான். இன்னொருவன் உதவி கேட்டு வந்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கு அவனை உள்ளே கூப்பிடக்கூட மனம் வரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். எனக்குத் தமிழ் படிக்க வராது. வீட்லயும் யாருக்கும் வராது. நம்ம சபைல நல்லா தமிழ் தெரிஞ்சவரு நீங்கதான்."

மனப்பாடம் செய்துகொண்டு போயேன் என்றேன். போனில் ஆடியோ இருக்கிறது, நாலு தடவை கேட்டால் வந்துவிடும்.

"அது வந்துருச்சுண்ணா. ஆனா புக்கைப் பாத்து வாசிக்கிற மாதிரி ஆக்டிங் பண்ணணும். சிலுவைகிட்ட நின்னு அது பேடா அண்ணா, வேணாம். ரெண்டு வசனம்தானே, அந்த எழுத்து மட்டும் சொல்லிக் குடுங்க. நான் கத்துக்கறேன்."

என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவன் தண்ணீர் விடுகிற ஒரு தெரு மேடாக இருக்கும். கடைசி வீட்டுக்குப் பிரஷர் ஏறாது. அந்த வீட்டில் பாகீரதி என்று ஒரு அம்மா. அவனைப் பார்க்கும்போதெல்லாம் தெருவே கேட்கத் திட்டுவார். பங்குனி வெயிலில் ஒருநாள் வால்வைத் திருகிக்கொண்டிருந்தவனுக்குத் தலை சுற்றி, அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் அந்த அம்மாவிடமே தண்ணீர் கேட்டிருக்கிறான். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து, "குடி, குடிச்சிட்டு ஒழுங்கா வால்வைத் திறந்து வுடு" என்று கொடுத்தாராம். குடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் உள்ளே பார்த்தான். ஒரே ஒரு குடம், அதிலும் அடியில் கொஞ்சம்.

"ஊருக்கெல்லாம் தண்ணி வுடறவன் நான். அந்தம்மாகிட்ட கேக்கறதுக்கு நாக்கு எழலண்ணா. நம்ம ஆண்டவரு எல்லாருக்கும் குடுத்தவரு, அவரே கடைசில தாகம்னு வாய வுட்டு கேட்டாரு. அதுவும் தன்னைத் திட்டினவங்ககிட்ட. கேக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சிது. அவ்ளோதான், வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

பதினோரு வருடம் அந்த ஒரு வார்த்தையைப் பேசியிருக்கிறேன். கிரேக்க மூலம் சொல்லியிருக்கிறேன், பழைய ஏற்பாட்டிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமை ஏழு மணிக்கு வா, சொல்லித் தருகிறேன் என்றேன்.

புதன்கிழமை ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு வேலையும் இல்லாமல் அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்பது மணி வரை நடந்தேன். அவன் முக்கால் மணி நேரம் காத்திருந்து போனதாக ஜூலியா சொன்னாள். வியாழக்கிழமை போன் செய்தான். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதல் வார்த்தையைப் பேசினேன். பிதாவிடம் இயேசு தன்னை அறைந்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்ட வார்த்தை. பதினேழு பேர் இருந்தார்கள். அங்கேயும் எண்ணினேன். பேசி முடித்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வராந்தாவில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

பெர்னார்ட் மேடை ஏறினான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. பெரிய வேதாகமம் அவன் முன்னால் திறந்திருந்தது. குனிந்து அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். இது நடக்க வேண்டும் என்றுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

அவன் நிமிர்ந்து மைக்கில் சொன்னான்.

"எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராதுங்க. ஹெர்பர்ட் அண்ணா, நீங்க வந்து வாசிச்சுக் குடுங்க."

முந்நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போனேன். நான் ஆசைப்பட்ட இடம், ஆசைப்பட்ட நேரம், ஆசைப்பட்ட கூட்டம். இரண்டு வசனம் வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் பக்கத்தில் நின்று, நான் வாசிக்கிற எழுத்தை விரலால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். அவன் அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றிப் பேசினான். பெண்கள் பக்கம் நிறையப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஜூலியாவும் துடைத்தாள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மனம் திரும்பிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும்.

ஆராதனை முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். பெர்னார்டைச் சுற்றிக் கூட்டம். என்னிடமும் இரண்டு பேர் வந்து, தம்பிக்குப் பெருந்தன்மையாகப் போய் வாசித்துக் கொடுத்தீர்களே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவனை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டேன்.

பெரிய வேதாகமத்தில் வாசிக்க வேண்டும் என்று யோசனை சொன்னபோதே உனக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும் என்றேன். புதன்கிழமை எனக்கு எந்த வேலையும் இல்லை, உன்னைத் தவிர்க்கத்தான் போனேன் என்றேன். அந்த இடம் என்னுடையது என்று நினைத்தேன், நீ என்னைவிட நன்றாகப் பேசுவாய் என்று தெரிந்ததும் இன்னும் எரிந்தது என்றேன்.

கையில் இருந்த கஞ்சி டம்ளரை அவனும் கீழே வைத்தான்.

"நேத்து ராத்திரி முழுக்க தமிழ் பைபிளை வெச்சுகினு உக்காந்திருந்தேண்ணா. ஒரு எழுத்து புரியல. நீங்க வேணும்னே பண்ணியிருப்பீங்கன்னு என் மனசுல ஒரு தடவகூட வரல."

மன்னித்துவிடு என்றேன். பகல் பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிடம் பேசிய அதே வார்த்தை. வாயில் இருந்து வருவதற்கு ஒரு நிமிடம் ஆனது.

"மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா சும்மா சொன்ன மாதிரி ஆவும். ஸ்வல்ப டைம் குடுங்கண்ணா."

அவன் கஞ்சி குடிக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆயரிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த வருடம் எந்த வார்த்தையும் எனக்கு வேண்டாம் என்றேன். அதை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

சனிக்கிழமை முழுக்கக் குழுவில் பெர்னார்டின் பிரசங்கம்தான். யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். நான் காலைச் சிந்தனை எதுவும் போடவில்லை.

ஈஸ்டர் அன்று நாங்கள் கொஞ்சம் தாமதமாகப் போனோம். ஆண்கள் பக்கம் எனக்கு உட்கார இடம் கிடைத்தது பெர்னார்டுக்கு நேர் பின்வரிசையில்தான். நற்கருணைக்கு முன்னால் எங்கள் சபையில் சமாதானம் கொடுப்பது உண்டு. ஆயர் கொடுப்பதை முன்வரிசையில் இருப்பவர் வாங்கி, திரும்பித் தன் பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பார். கூப்பிய கையை இரண்டு கைக்குள் வாங்கிக்கொள்வோம். அப்படியே கடைசி வரிசை வரை வரும். எனக்கு அது வர வேண்டுமென்றால் பெர்னார்ட் திரும்ப வேண்டும்.

அவன் முன்னால் இருந்தவரிடம் வாங்கிக்கொண்டான். ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை. கூப்பிய கையை நீட்டினான். சாவி திருகித் திருகிக் காய்ப்பு ஏறிய கை. என் கைகளுக்குள் அதை வாங்கிக்கொண்டேன். அவனும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் காத்திருந்தவருக்குக் கொடுக்க நான் திரும்ப வேண்டியிருந்தது.