மூன்றாவது மாடியில் ஒரு மூச்சு

என் அக்கா மேடையில் உச்சக் குரல் எடுத்தால் முன்வரிசையில் மூக்குக்கண்ணாடிகள் விரிசல் விடும். தம்பி என்ற முறையில் நான் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும். நான்கு கண்ணாடி மாற்றினேன். நம்பாதவர்கள் கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்கலாம். அவரும் என்னை மாதிரியே உண்மை பேசுகிறவர்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது தொண்டை டாக்டர், "பேசலாம், பாடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து பாட்டு எழுத உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது தப்பு. ஏறினாள். எங்கள் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வரியைச் சொல்லிக்கொண்டே படியேறுவாள். மூச்சு நிற்கிற இடத்தில் வரியை முடிப்பாள். பின்னால் நோட்டும் கையுமாக நான்.

ஏழு பாட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. எட்டாவதை, மேடையில் ஆடிக்கொண்டே பாடுகிற ஒரு பெண்ணுக்காக இசையமைப்பாளர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

"இதுவும் திரும்பினா நோட்டை எடைக்குப் போட்டுடுடா" என்றாள் அக்கா. ஒத்திகைக்குப் போனோம்.

"சரணத்துல எதுக்கும்மா இவ்வளவு பெரிய ஓட்டை?" என்றார் இசையமைப்பாளர். "ரெண்டு வரியையும் சேர்த்துட்டேன். இல்லன்னா இந்தப் பாட்டு வேண்டாம்."

"அது ஓட்டை இல்ல தம்பி. மூணாவது மாடி."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சரி, சேர்த்தே பாடட்டும்" என்றாள் அக்கா. "ஆனா ஆடிக்கிட்டே."

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிப் போட்டு ஆடினாள். சேர்த்த இடத்தில் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மூன்று முறை அப்படியே. நான்காவது முறை மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அம்மா எழுதின மாதிரியே குடுத்துடுங்க சார். இங்கயே மூச்சு நின்னுடும் போல."

இசையமைப்பாளர் பென்சிலை எடுத்து, சேர்த்த கோட்டை அழித்தார்.

பாட்டு வெளியாகி ஊரெல்லாம் பரவிய பிறகு நடந்த முதல் கச்சேரிக்கு அக்காவையும் என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டேன். தலையிலிருந்த தொப்பியை மறந்துவிட்டேன். கூட்டமே சேர்ந்து பாடியது. சரணத்தில் அந்த இடம் வந்ததும் இருபதாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். என் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, பின்வரிசைகளைத் தாண்டிப் போய்விட்டது.

அக்கா முழங்கையால் என்னை இடித்தாள். "மூணாவது மாடி" என்றாள்.

அவள் பாடிய காலத்தில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தொப்பியைத் தேடப் போகவில்லை.