டெல்வுட் கவுண்டி வாய் மூடிய மதியம்

பெட்ரோல் பங்கில் மனைவியை விட்டுவிட்டு நாற்பத்தொரு மைல் வந்துவிட்டேன் என்பது பிறர் ரேடியோவில் பேசுவதைக் கேட்கும் என் ஸ்கேனர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அது எவ்வளவு பயனுள்ள கருவி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கவுண்டி, அதாவது மாவட்டம், மாறினால் ஸ்கேனருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். சர்ச் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை ஐந்து, குடும்பம் முப்பது. எந்த மேசையும் யாருக்கும் சொந்தமில்லை. வாசலில் ஓர் அம்மாள் நின்று, "நீங்க மூணாவது மேசை" என்று அனுப்புகிறாள். அவர்கள் எழுந்ததும் அங்கே வேறு குடும்பம். கவுண்டி ரேடியோவும் இப்படித்தான். மேசைகள் அலைவரிசைகள். குடும்பங்கள் சாலைத் துறை, பள்ளிப் பேருந்து போன்ற குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வாசல் அம்மாள் கட்டுப்பாட்டு அலைவரிசை. அவள் நிற்கும் இடத்தை ஸ்கேனருக்குச் சொல்லிவிட்டால் போதும், யார் எந்த மேசைக்குப் போனாலும் அது பின்னாலேயே போய்க் கேட்கும். எந்த எண் எந்தக் குடும்பம் என்பதை மட்டும் நாமேதான் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

டெல்வுட் கவுண்டிக்கான எண்களை டீசல் போடும்போதே ஏற்றினேன். என் மனைவி லவான் இலவங்கப்பட்டை ரோல் வாங்க உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்து, எங்கள் வீட்டுவண்டியான மோட்டார்ஹோமின் பின்கட்டிலில் படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். போர்வைக்குள் தலையணை இருந்தது. அவளைப் போலவேதான் இருந்தது. போன் பக்கத்தில் இருந்தால் ஸ்கேனரில் இரைச்சல் வரும் என்பதால் இரண்டு பேர் போனும் குளிர்பெட்டிக்குள் இருந்தன.

ஒன்றே முக்காலுக்கு சாலைத் துறையின் எண் ஒளிர்ந்தது.

"வெள்ளை மோட்டார்ஹோம்ல போற ஆர்லினுக்கு. நான் சாலைத் துறை டார்லா. உங்க வீட்டுக்காரம்மா பங்க்ல இருந்து எனக்குப் போன் பண்ணியிருக்காங்க. நீங்க கண்டிப்பா கேட்டுக்கிட்டிருப்பீங்கன்னு சொல்றாங்க. அவங்க சொன்னத அப்படியே வாசிக்கிறேன். 'மூணு மணிக்கு லிங்கன் ஊருக்குப் போற பஸ். அதுக்குள்ள வரலைன்னா ஏறி என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீயும் அந்தப் பெட்டியும் குடும்பம் நடத்துங்க.' வாசிச்சாச்சு."

"எத்தனை வருஷமாச்சாம் கல்யாணம் ஆகி?" என்றது ஒரு மண்வாரி ஓட்டுநரின் குரல்.

"முப்பத்தெட்டு."

"பாவம். பஸ்ஸக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லு."

ஸ்கேனர் கேட்கும், பேசாது. பதில் சொல்ல வழியில்லை. சோளக்காட்டு மண்பாதையில் வண்டியைத் திருப்பினேன். இரண்டேகாலுக்குள் கிளம்பினால் போய்விடலாம்.

அப்போது 1162 ஒளிர்ந்தது. என் பட்டியலில் பெயரில்லாத ஐந்து எண்களில் ஒன்று. "பள்ளிப் பேருந்து ஓட்டுறவங்க எல்லாருக்கும்," என்றாள் டார்லா. "வெள்ளை மோட்டார்ஹோம் ஒண்ணப் பாத்தீங்களா?"

வண்டியை ஓரம் கட்டி, 1162 பள்ளிப் பேருந்து என்று எழுதினேன். ஓட்டிக்கொண்டே எழுதுவது ஆபத்து.

டார்லாவுக்கு எல்லாக் குழுவிலும் பேசும் வசதி இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். 1170, களை ஒழிப்பு. 1175, நூலக வண்டி. 1181, குப்பைக் கிடங்கு. மாதக்கணக்கில் உட்கார்ந்தாலும் கிடைக்காத விவரம் இருபது நிமிடத்தில் கிடைத்தது. மிச்சம் 1188 ஒன்றுதான். மணி இரண்டு பத்து. ஐந்து நிமிடம் காத்திருக்கலாம் என்று பட்டது.

இரண்டேகாலுக்கு டார்லா மறுபடியும் வந்தாள். "கவுண்டி முழுக்கச் சொல்றேன். லவானம்மா இப்ப விஷயத்தக் கண்டுபிடிச்சுட்டாங்க. 'அவன் வழி தவறல. எங்கேயோ ஓரமா நிறுத்திட்டு நீங்க பேசறத எழுதிக்கிட்டிருக்கான். நீங்க பேசப் பேச வரமாட்டான். எல்லாரும் வாய மூடுங்க'ன்றாங்க. நியாயமாத்தான் படுது. மூடுங்கப்பா."

மூடினார்கள்.

போலீசும் ஆம்புலன்சும் வேறு அமைப்பு, அவர்களுக்குப் பாதிப்பில்லை. மற்றபடி ஒரு கவுண்டி முழுவதும் பேச்சை நிறுத்தி நான் கேட்டதில்லை. வாசல் அம்மாள் மட்டும் நின்றாள். ஐந்து மேசையும் காலி. யாராவது ஒருவர் தும்மியாவது வைப்பார் என்று ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு கிளம்பினேன்.

பங்கை அடைந்தபோது மூன்று மணி ஐந்து நிமிடம். பஸ் நின்றது. லவானின் ஒரு கால் படியில் இருந்தது. கடைக்காரரின் கம்பியில்லா போன் அவள் காதில்.

"எத்தன எழுதின?" என்றாள்.

"நாலு."

"மிச்சம்?"

"ஒண்ணு."

பஸ் ஓட்டுநர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏறுறீங்களாம்மா?"

அவள் படியில் இருந்த தன் காலைப் பார்த்தாள். அவ்வளவு நீளமான ஐந்து வினாடியை நான் எந்த அலைவரிசையிலும் கேட்டதில்லை.

"நான் போயிட்டா, அடுத்த கவுண்டில இவன யாரு பாத்துக்கிறது? அங்க ஒரு டார்லா இருக்கணுமே," என்று காலைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன்.

"டார்லா, எல்லையத் தாண்டினதும் கூப்பிடுறேன். அதுவரைக்கும் மூச்," என்றாள் போனில்.

அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில், ஸ்கேனரை மடியில் கட்டிக்கொண்டு. சில மைலுக்கு ஒரு கவுண்டி வண்டி சாலையோரம் காத்து நின்றது. ஒருவரும் பேசவில்லை, அந்த ஊர் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார்கள். லவானும் ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். களை ஒழிப்பு, நூலகம், குப்பைக் கிடங்கு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு லாரி வந்தது. கதவில் பெயர் ஏதோ எழுதியிருந்தது. மிச்சமிருந்த 1188 அதுவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

லவான் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.