நீல டிக் பாட்டு

நான் எழுதிய ஒரே ஒரு பாட்டு, நிச்சயமான மாப்பிள்ளை ஒருவனைப் புதூர்நாட்டுப் பாறை மேல் ஏற்றி, முழுசாக மூணு மணி நேரம் ஒத்தைக் காலில் நிற்க வைத்தது. மரமென்று நினைத்து ரெண்டு மைனா அவன் தோளில் கூடு கட்டப் பார்த்தன. நான் ரிடையரான பஸ் கண்டக்டர். 'உள்ள இடம் இருக்கு' என்பதைத் தவிர வேறு பொய் சொன்னதில்லை.

மாப்பிள்ளை ரஞ்சித்குமாருக்கு ஒடுகத்தூரில் செல்போன் கடையில் வேலை. பெண் என் தம்பி மகள் கீதாஞ்சலி. எங்கள் ஊரில் டவர் அந்தப் பாறை உச்சியில் மட்டும்தான். அதுவும் வரும், போகும். அவன் வாட்ஸப்பில் அனுப்பியதைப் படிப்பாள், படித்ததற்கு நீல டிக் விழும், பதில் போவதற்குள் டவர் செத்துவிடும்.

"படிச்சிட்டு சும்மா இருக்கன்னா, வேற எவன்கூடவோ பேசினு இருக்க" என்று ஒருநாள் அனுப்பிவிட்டான். அவள் சாப்பிடவில்லை. எனக்குப் பாட்டெழுதக் கை அரித்தது.

"நீல டிக்கு விழுந்துச்சாம், நெஞ்சு ரெண்டா பொளந்துச்சாம்,
ஆளு எதிர்ல நின்னாலும் ஆன்லைனான்னு கேட்டானாம்."

ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய் ரீல்ஸில் போட்டேன். மூன்றே நாளில் பஸ் ஸ்டாண்டு காக்கா கூட அதையே பாடியது. அவன் கடைக்கு வந்தவனெல்லாம் அதைத்தான் ரிங்டோனாகக் கேட்டான்.

நாலாம் நாள் பைக்கில் வந்து இறங்கினான். மூஞ்சி மிளகாய்ப் பழம்.

"யாரைச் சொல்றீங்க மாமா?"

"பொதுவா எழுதனது மாப்ள. உனக்கு ஏன் உறுத்துது?"

"டவர் இல்லன்றதெல்லாம் கதை. இந்தக் கல்யாணம் வேணாம்னு எங்கம்மாக்கு இப்பவே சொல்லிடறேன்."

செல்லை எடுத்தான். ஒரு கோடு கூட இல்லை. கீதாஞ்சலி பாறையைக் காட்டினாள்.

"அங்க ஏறிச் சொல்லுங்க."

ஏறினான். கையைத் தூக்கினான், காலைத் தூக்கினான். அவன் சொல்வதற்குள் அவன் அம்மாவின் மெசேஜ் வந்து விழுந்தது. பின்னாலேயே ஏறிய கீதாஞ்சலி எட்டிப் பார்த்து எனக்குக் கேட்கும்படி படித்தாள்: "கடையில இல்லியாமே. யார்கூட இருக்க?"

கட்டைவிரல் தேய அடித்தான். போகவில்லை. அம்மாவிடமிருந்து அடுத்தது வந்தது: "படிச்சிட்ட இல்ல? ஏன் பதில் இல்ல? யாருடா அவ?"

அதற்கு அடித்ததும் போகவில்லை.

இறங்கும்போது சட்டை முழுக்க வேர்வை.

"இன்னா, அத்தைக்கு நீல டிக் விழுந்துச்சா?" என்றாள் கீதாஞ்சலி.

செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"விழுந்துச்சு. பதில் அடிச்சேன் கீதா, போவல. நீ சொன்னது நெசந்தான்."