போனுக்குள் ஒரு தங்கை

பெரியவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் அம்மாவுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல யார் யார் என்ன பண்றாங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். கேட்டவர்கள் ஏதோ போலீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் தப்பான விளக்கமும் இல்லை. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஒரு செயலி. அதை யார் திறக்கிறார்கள், எந்தக் கதையை ஓடவிடுகிறார்கள், எந்த இடத்தில் அலுத்துப்போய் மூடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பிரிவில் அவள் இருந்தாள். எங்கோ ஒரு விரல் திரையைத் தொட்டால், இங்கே அவள் திரையில் ஒரு வரி வந்து விழும். தொட்டது யார் என்ற இடத்தில் பெயர் இருக்காது, நீளமாக ஒரு எண் இருக்கும். பெயர் தெரியாமல் பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் நாகரிகம்.

அந்த நாகரிகத்தை அவள் மீறிவிட்டாள். திட்டுகிறவர்கள் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் செய்த சேட்டைக்கு அந்த ஒரு வால் போதாது. நான்கு வருடம் முன்பு, அப்பா பல பேர் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த வேலையை மூன்றே வாரத்தில் உதறிவிட்டு வந்து நின்றாள். "அங்க மூச்சு முட்டுதுப்பா" என்றாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறதென்று அவருக்கே தெரியாது. "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று கத்திவிட்டார். உலகத்தில் பாதி அப்பாக்கள் இதைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "அவ சாப்பிட்டாளா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். இவரும் கேட்டார். அதற்குள் வாலு பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். எண்ணை மாற்றிவிட்டாள். தோழிகள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. வீம்பில் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில் யார் கதவைத் தட்டினாலும், "சின்னவளா பாரு" என்பார். பால்காரராக இருக்கும், மருந்துக் கடைப் பையனாக இருக்கும். இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வாலுவுக்கு இது எதுவுமே தெரியாது. எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு?

இந்த நிலையில்தான் அலுவலகத்தில் பழைய கண்காணிப்புக் கருவியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். பழைய பதிவுகளையெல்லாம் புதியதில் கொட்டி, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை பெரியவளுக்கு வந்தது. எண், எண், எண் என்று போய்க்கொண்டிருந்த திரையில் ஓரிடத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் நின்றது. வாலு.

அவளே போட்ட பெயர்தான். செயலி வெளிவருவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க நாலைந்து போன்கள் தேவைப்பட்டன. தங்கையின் போனில் ஏற்றி, விளையாட்டாக அந்தப் பெயரை ஒட்டிவைத்துவிட்டு, பிறகு மறந்தே போயிருந்தாள். பழைய கருவி ஒவ்வொரு போனையும் அதன் பிறவி எண்ணை வைத்து அடையாளம் பிடிக்கும். போனில் இருப்பதை முழுக்க அழித்தாலும், சிம்மை மாற்றினாலும் அந்த எண் மாறாது, புதிய கருவியும் அதையே எடுத்துக்கொண்டது. அந்த எண்ணுள்ள போனில் அன்றைக்கு மத்தியானம் ஒரு கதை ஓடியிருந்தது.

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். குழந்தை: பெண். வயது: மூன்று. கதை: குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பூனைக்குட்டி.

அடிப்பாவி, குழந்தையே பெற்றுவிட்டாளா! அப்படியானால் நான் பெரியம்மா. பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், அவள் அன்று மாலை பேருந்து நிறுத்தத்துக்கு ஏறக்குறைய ஓடினாள்.

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பெரியவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னிக்கு என்ன கதை?"

"அதே பூனைதாம்மா."

"அப்படியே அவங்கம்மாவ உரிச்சு வச்சிருக்கு பாரு! வாலுவும் இப்படித்தான், ஒரே கதைய நூறு தடவ சொல்லச் சொல்லி உயிர எடுப்பா."

கதையைப் பாதியில் நிறுத்தினால், அது வாலுவின் பொறுமையின்மை. முழுக்கக் கேட்டால், அது வாலுவின் பிடிவாதம். சத்தத்தைக் கூட்டி வைத்தால், "வாலுவுக்கும் சின்ன வயசுல காது கொஞ்சம் மந்தம்தானே" என்பாள் அம்மா. எது வந்தாலும் பொருந்தியது. இரண்டு நாள் கதை ஓடவில்லை என்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. "காய்ச்சலா இருக்குமோ? அந்த மிஷின்ல அது தெரியாதா?"

"தெரியாதும்மா."

"வீட்டு அட்ரஸாவது?"

"ஊர் வரைக்கும்தான் காட்டும்."

"பூனைக்கதை கேக்குறது தெரியுது, வீடு எங்க இருக்குன்னு தெரியல. நல்ல மிஷின் வாங்கினாங்க போ!"

அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் இப்படிப் பேசிச் சிரித்ததில்லை. பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு செய்தி இருக்கிறது என்பதற்காகவே அவள் அலுவலகத்துக்குப் போய்வந்தாள்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா இல்லேங்கிறதையாவது அவளுக்குச் சொல்லேன். அவருக்குப் பயந்துதானே வராம இருக்கா."

"அப்படியெல்லாம் பண்ணக் கூடாதும்மா. வேலையே போயிடும்."

"நீ ஊருக்கெல்லாம் சேதி அனுப்புற. உன் தங்கச்சிக்கு ஒண்ணு அனுப்ப மாட்டியா?"

ஊருக்கெல்லாம் அனுப்புவது உண்மைதான். 'புதிய கதை வந்திருக்கிறது' என்று எல்லாப் போன்களிலும் எட்டிப்பார்க்கும் அறிவிப்பு அவள் பிரிவிலிருந்துதான் போகும். எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன்னால், சரியாகத் தெரிகிறதா என்று ஒரே ஒரு போனுக்கு அனுப்பிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. அம்மா கேட்கக் கேட்க இவளும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த எண்ணைப் போட்டு எழுதினாள்.

வாலு என்று ஆரம்பித்துவிட்டு அழித்தாள். அனுப்பியதெல்லாம் பதிவில் நிற்கும், நாலு பேர் பார்ப்பார்கள். வாலு என்று எழுதித்தான் தெரிய வேண்டுமா? இது அக்கா வேலை பார்க்கும் இடத்துச் செயலி என்று அவளுக்குத் தெரியாதா என்ன! 'அப்பா போயிட்டார். அம்மா உன்னையே கேட்டுக்கிட்டிருக்காங்க. உடனே வீட்டுக்கு வா. - அக்கா.' அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் வரி விழுந்தது: அறிவிப்பு திறக்கப்பட்டது.

அதற்கப்புறம் அந்தப் போனிலிருந்து ஒன்றும் இல்லை. கதை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. "கிளம்பிட்டா" என்றாள் அம்மா. அந்த ஊரிலிருந்து இங்கே வர ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தாள். வாலுவின் அறையைத் துடைத்தாள், மெத்தையை வெயிலில் போட்டாள், பேத்திக்கென்று பூப்போட்ட கவுன் ஒன்றை இரண்டு நாளில் தைத்து முடித்தாள். அளவு தெரியாதே என்றால், "மடிச்சுத் தச்சிருக்கேன், பத்தலேன்னா பிரிச்சு விட்டுக்கலாம்" என்றாள். தெருவில் ஆட்டோ நின்றால் இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

அதற்கு மறுநாள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைப் பெண் போனோடு வந்து நின்றாள். "அக்கா, ஒருத்தங்க ஏதோ மெசேஜ் வந்துச்சுன்னு கத்துறாங்க. அழுறாங்க, திட்டுறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பேசுறீங்களா?"

பெரியவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும்! நான்கு வருடமாக அந்தக் குரலுக்குத்தானே காத்துக்கிடக்கிறோம். "சொல்லுடா" என்றாள்.

"யாரு நீங்க? யார போய் டாங்குறீங்க?"

குரல் வாலுவுடையது இல்லை.

"உங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இருக்காங்களா இல்லையா? எங்கப்பா போயிட்டார்னு அனுப்பியிருக்கீங்க! வீட்டுக்கு அடிச்சா யாரும் எடுக்கல. எங்கக்கா போனும் அணைஞ்சு கிடக்கு. குழந்தையத் தூக்கிட்டுப் பஸ் ஏறினேன். ஊர் வந்து சேர்ற வரைக்கும் அழுதேங்க. பக்கத்து சீட்டு அம்மா குழந்தைய வாங்கி வச்சுக்கிட்டாங்க, என்னால தூக்க முடியல. தெருமுனையிலயே 'அப்பா'ன்னு கத்திக்கிட்டு ஓடுறேன், எங்கப்பா வாசல்ல உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடிச்சுக்கிட்டிருக்கார்! என்னைப் பார்த்து அவர் பயந்த பயத்துல, நெஜமாவே அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

பெரியவள் எப்படியோ கேட்டுவிட்டாள். "இந்த போன்... எப்போ வாங்கினீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்? பாப்பா வயித்துல இருக்கும்போது வாங்கினது. பழைய போன் விக்கிற கடையில."

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பவளே இவள்தான். போன் வேறு, ஆள் வேறு. அந்த எண் போனுக்குத்தான் சொந்தம், போன் கைமாறினால் எண்ணும் கூடவே போகும். ஆகவே ஒரு எண்ணை ஒரு மனுஷி என்று எண்ணிவிடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. தனக்கென்று வரும்போது அது எங்கே போய்த் தொலைந்தது? வாலு வீட்டை விட்டுப் போன சில மாதத்திலேயே, கையில் காசில்லாமல் போனை விற்றிருக்கிறாள். அந்தக் கடையோடு அவள் தடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் இவர்கள் கொஞ்சிக்கொண்டிருந்தது யார் வீட்டுக் குழந்தையையோ.

"என் தங்கச்சின்னு நினைச்சு அனுப்பிட்டேங்க" என்றாள். "அவளோட பழைய போன் அது. எங்கப்பா போனது அவளுக்குத் தெரியாது. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது. பெரியவள் அந்தக் குரலை முதன்முதலாக அப்போதுதான் கேட்டாள்.

"பாவம்தான். ஆனா அதுக்கு எங்கப்பாவ ஒரு நாள் முழுக்க சாகடிச்சிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். சிறிது நேரத்தில் அந்தப் போனிலிருந்து கடைசி வரி வந்தது: செயலி நீக்கப்பட்டது.

பிரிவுத் தலைவரிடம் அவளே போய்ச் சொன்னாள். நல்ல மனுஷர், கத்தவில்லை. "புரியுதும்மா. ஆனா அந்தப் பஸ்ல எங்கம்மா அழுதுக்கிட்டுப் போயிருந்தா நான் உங்கள விட்டிருப்பேனா?" என்று கேட்டார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி, கருவிக்குள் நுழையும் அவளுடைய அனுமதியை எடுத்துவிட்டார். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவளிடம் தெம்பும் இல்லை. அம்மா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட அப்பா நல்லாதானே இருக்கார்?"

"நல்லா இருக்கார்மா."

"அது போதும்" என்றாள் அம்மா. பூப்போட்ட கவுனை எடுத்து மடித்து வைத்தாள். "அப்போ நம்ம வாலுவுக்குக் குழந்தை இருக்கா இல்லையான்னே நமக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"சாப்பிட்டாளா இல்லையான்னும் தெரியாது."

பெரியவள் அழ ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் நான்தான் கெடுத்துவிட்டேன், கையில் இருந்த ஒரே தடமும் இப்போது இல்லை என்று விக்கி விக்கிச் சொன்னாள். அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"உங்கப்பா நமக்குத்தான்டி செத்துட்டார்" என்றாள் அம்மா. "அவளுக்கு அவர் இன்னும் உயிரோடதான் இருக்கார். அதே கோவத்தோட, மூஞ்சியில முழிக்காதேன்னு கத்திக்கிட்டு இந்த வாசல்லயே நிக்கிறார். அவர் நிக்கிற வரைக்கும் என் புள்ள எப்படி உள்ள வருவா?"